ஐந்து விழுக்காடு நம்ம ஊர்க் கடையில் செல்லுமா?

தோட்டத்து மளிகைக் கடைகளில் 555 என்று அட்டையில் அச்சிட்ட சின்னக் குறிப்புப் புத்தகம் ஒன்று இருக்கும். அரிசி, பருப்பு, பால்மாவு, சவர்க்காரம் எல்லாம் அதில் ஏறும்; சம்பள நாளில் இறங்கும். என் பெற்றோர் தலைமுறைக்கு அதுதான் கிரெடிட் கார்டு. வட்டி என்று தனியாக எழுத மாட்டார்கள். விலையிலேயே கொஞ்சம் சேர்ந்திருக்கும், அது எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்க மாட்டார்கள்.

இன்று கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா தோட்டங்களில் பிறந்த பிள்ளைகள் தினமும் ஷா ஆலாமுக்கும் ரவாங்கிற்கும் வேலைக்குப் போய் வருகிறார்கள். பணப்பையில் வங்கி அட்டை இருக்கிறது. அந்த அட்டை நம் வாழ்க்கைக்குப் பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி.

என்னிடம் இருந்தது புள்ளிகள் சேரும் அட்டை. வெளிநாட்டில் செலவழித்தால் இரட்டைப் புள்ளி, விமான நிலையத்தில் ஓய்வறை என்று சலுகைகள் நிறைய. புக்கிட் ரோத்தானில் குடியிருக்கும் எனக்கு அந்த ஓய்வறை எதற்கு? செலவில் ஒரு பகுதியை ரொக்கமாகத் திருப்பித் தரும் கேஷ்பேக் அட்டைக்கு மாறலாம் என்று முடிவு செய்து, முதலில் மூன்று மாத அறிக்கைகளை எடுத்து வைத்துக் கூட்டிப் பார்த்தேன். சராசரியாக எண்ணெய்க்கு 420 ரிங்கிட், பேரங்காடியில் 390, தொலைபேசியும் இணையமும் 160, காப்புறுதி 130, மற்றவை 80. மொத்தம் 1,180 ரிங்கிட். பாசார் மாலாம், மீன், தோட்டத்துக் கடை இவையெல்லாம் இந்தக் கணக்கில் வராது. அங்கே ரொக்கம், இல்லாவிட்டால் கியூஆர் குறியீடு.

விளம்பரம் பெரிய எழுத்தில் 5 விழுக்காடு என்றது. சின்ன எழுத்தைப் படித்தேன். எண்ணெய்க்கு மாதம் 15 ரிங்கிட் உச்சம், மளிகைக்கு இன்னொரு 15. அதுவும் மாதச் செலவு 1,500 ரிங்கிட்டைத் தொட்டால்தான். என் செலவு 1,180. அந்த 30 ரிங்கிட்டை வாங்க நான் இன்னும் 320 ரிங்கிட்டுக்குப் பொருள் வாங்க வேண்டும்! இதைவிட, குறைந்தபட்சச் செலவு என்ற நிபந்தனையே இல்லாமல் எண்ணெய்க்கும் மளிகைக்கும் 2 விழுக்காடு தரும் அட்டை எனக்கு மேல். மாதம் 16 ரிங்கிட் 20 சென், ஆண்டுக்கு 194 ரிங்கிட் 40 சென். சேவை வரி 25 ரிங்கிட் போக 169 ரிங்கிட் 40 சென் மிச்சம்.

அந்த 25 ரிங்கிட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2018 செப்டம்பர் முதல் ஒவ்வொரு அட்டைக்கும் ஆண்டுதோறும் இந்த வரி உண்டு. அம்மாவுக்கோ மனைவிக்கோ எடுத்துக் கொடுக்கும் துணை அட்டைக்கும் உண்டு. ஆண்டுக் கட்டணம் இலவசம் என்று வங்கி சொன்னாலும் வரி போகாது.

எந்த நாளில், எந்தக் கடையில் என்பதையும் பார்க்க வேண்டும். மேபேங்கின் இரட்டை அட்டை பலருக்குத் தெரியும். அதிலுள்ள அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அட்டைக்கு வார இறுதியில் 5 விழுக்காடு, மாதம் 50 ரிங்கிட் வரை என்பதுதான் பல ஆண்டுகளாக அதற்குப் பெயர் வாங்கித் தந்தது. சனி, ஞாயிறு ஷிப்டில் நிற்கும் தம்பிமாருக்கு அது எப்படிப் பயன்படும்? விசா, மாஸ்டர்கார்டு வாங்கும் கடையெல்லாம் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வாங்குவதும் இல்லை. இன்னொன்று, நாம் மளிகை வாங்கினோமா என்பதை வங்கி பார்ப்பதில்லை. கடையின் இயந்திரம் எந்த வணிக வகைக் குறியீட்டில் பதிவாகியிருக்கிறது என்பதைத்தான் பார்க்கும். மின்பணப்பையில் பணம் ஏற்றுவதைப் பல வங்கிகள் கேஷ்பேக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எண்ணெய் பம்பிலேயே அட்டையைச் செருகுகிறவர்களுக்கு ஒரு சொல்: 50 ரிங்கிட்டுக்குப் போட்டாலும் முதலில் 200 ரிங்கிட் பிடித்து வைக்கப்படும், பிறகுதான் விடுவிக்கப்படும். அட்டை வரம்பு குறைவாக இருந்தால் முகப்பில் போய்க் கட்டுவதே நல்லது.

என் சித்தி மகன், 1917-இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்ட தென்னமரம் தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவன், ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. நான் அட்டை மாற்றுவதைக் கேட்டதும், "அக்கா, சும்மா தராங்கன்னா எனக்கும் ஒண்ணு எடுத்துக் கொடுங்க" என்றான். மாதச் சம்பளம் 2,800 ரிங்கிட். கையில் ஏற்கெனவே இரண்டு வங்கிகளின் அட்டைகள்.

அவனுக்கு மூன்றாவது வங்கியின் அட்டை கிடைக்காது. 2011-இல் பேங்க் நெகாரா கொண்டு வந்த விதிப்படி, ஆண்டு வருமானம் 36,000 ரிங்கிட் அல்லது அதற்குக் கீழ் உள்ளவர்கள் இரண்டு வங்கிகளின் அட்டைகளை மட்டுமே வைத்திருக்கலாம். ஒவ்வொரு வங்கியும் மாத வருமானத்தில் இரண்டு மடங்கு வரைதான் கடன் வரம்பு தரலாம். ஆக, அவன் ஒன்றை மூட வேண்டும், அல்லது இருக்கும் வங்கியிலேயே வேறு அட்டைக்கு மாற வேண்டும். அதே வங்கியில் மாறினால் புது வாடிக்கையாளருக்கான வரவேற்புப் பரிசு பெரும்பாலும் கிடைக்காது.

ஆனால் நான் அவனைத் தடுத்ததற்குக் காரணம் இதுவல்ல. ஓர் அட்டையில் 3,000 ரிங்கிட் நிலுவை. குறைந்தபட்சம் 5 விழுக்காடு, அதாவது 150 ரிங்கிட் மட்டும் கட்டி வருகிறான். ஒழுங்காகக் கட்டத் தவறியவர்களுக்கான 18 விழுக்காட்டு வட்டியில் மாதம் சுமார் 45 ரிங்கிட் போகிறது. ஓராண்டு முழுக்கத் தவறாமல் கட்டியிருந்தால் 15 விழுக்காடுதான். முந்தைய பில்லை முழுதாக அடைக்காதவருக்குப் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. 45 ரிங்கிட் வட்டி கட்டிக்கொண்டு 16 ரிங்கிட் கேஷ்பேக் தேடுவானேன்? அந்த 555 புத்தகத்தில்கூட இந்த வேகத்தில் கணக்கு ஏறியதில்லை. முதலில் 3,000-ஐ அடை, பிறகு பேசலாம் என்றேன். முகம் சுருங்கியது. கடன் இன்னும் பெரிதாக இருந்திருந்தால் ஏகேபிகேவுக்கு அனுப்பியிருப்பேன். பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த நிறுவனம் அது. ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை, தவணைகளைச் சீரமைக்க வங்கிகளோடு பேசவும் செய்வார்கள்.

நான் புதிய அட்டை கைக்கு வந்த பிறகுதான் பழையதைத் தொட்டேன். சேர்ந்திருந்த புள்ளிகளைப் பேரங்காடிப் பற்றுச்சீட்டாக மாற்றிக்கொண்டேன்; மூடிய பின் அவை போய்விடும். தானாகப் பிடிக்கப்படும் கட்டணங்களில் காப்புறுதியை முதலில் மாற்றினேன். தொலைபேசி நின்றால் மறுநாள் கட்டிக்கொள்ளலாம், காப்புறுதி காலாவதியானால் அந்த நேரம் பார்த்து மருத்துவமனைச் செலவு வரும். ஒரு பில் சுழற்சி முழுதும் காத்திருந்து, நிலுவை பூஜ்யம் என்று பார்த்த பிறகு வங்கியை அழைத்து மூடச் சொன்னேன். வேறு சலுகை தருகிறோம், வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லி, மூடியதற்கு எழுத்துப்பூர்வ உறுதிக் கடிதம் கேட்டேன். பேங்க் நெகாராவின் சிசிரிஸ் பதிவிலும் அந்தக் கணக்கு மூடப்பட்டுவிட்டதா என்று பார்த்துக்கொண்டேன். அடுத்து வீட்டுக் கடனுக்குப் போகும்போது, பயன்படுத்தாத அந்த வரம்பும் வங்கியின் கண்ணில் படுமே!

பழைய அட்டையின் ஆண்டு நிறைவு மே மாதம். ஏப்ரலிலேயே மூடிவிட்டதால் அதற்கான 25 ரிங்கிட் இந்த ஆண்டு ஏறவில்லை.