மைதானமும் மருத்துவத்தின் ஒரு பகுதியே

தண்டுவடக் காயத்துடனோ, விபத்தில் காலை இழந்தோ எங்கள் மறுவாழ்வு மருத்துவப் பிரிவில் சேர்ந்தவர்கள் வீடு திரும்பும் நாளில், குடும்பத்தார் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இனிமேல் இவரை எப்படிப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது டாக்டர்?" அன்பிலிருந்து பிறக்கும் கேள்வி அது. "உடம்பை அலட்டிக்கொள்ளாமல் இருக்கட்டும்" என்றே நாங்களும் நெடுங்காலம் விடை கூறி வந்தோம். அந்த அறிவுரையை அப்படியே பின்பற்றியவர்களிற் சிலர், சில மாதங்களில் படுக்கைப் புண்ணுடனும் இறுகிப்போன தோள்மூட்டுடனும் கூடிய உடல் எடையுடனும் திரும்பி வந்தபோதுதான், பத்திரம் என்று நாம் எண்ணியதே நோயாக மாறுவதை உணர்ந்தோம்.

ஆகவே இன்று நாங்கள் விளையாட்டையும் மருந்துச் சீட்டில் சேர்க்கிறோம். மாற்றுத்திறனாளிகளுக்கான விளையாட்டுப் போட்டிகள் எவ்வாறு தோன்றின, அவற்றில் யார் பங்கேற்கலாம், எவற்றில் கவனம் தேவை என்பதை இங்கு விளக்க விரும்புகிறோம்.

மருத்துவமனையில் பிறந்த போட்டிகள்

இப்போட்டிகளின் தொடக்கம் ஒரு மருத்துவமனை வளாகத்தில்தான். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயமுற்றோருக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் லுட்விக் குட்மன், 1948ஆம் ஆண்டு ஜூலை 29 அன்று சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேரைக் கொண்டு வில்வித்தைப் போட்டி நடத்தினார். அதுவே வளர்ந்து 1960இல் ரோம் நகரப் போட்டியாகி, இன்றைய பாராலிம்பிக்காக விரிந்தது.

ஆசியாவுக்கு இதனைக் கொண்டுவந்தவரும் மருத்துவரே. ஜப்பானிய எலும்பு அறுவை மருத்துவர் டாக்டர் யுதாக்கா நாக்கமுரா 1960இல் ஸ்டோக் மாண்டெவில் சென்று கற்றுத் திரும்பி, மறு ஆண்டே தம் ஒய்ட்டா மாகாணத்தில் உடற்குறையுடையோருக்கான போட்டிகளை நடத்தினார். ஊனமுற்றவர்களைக் காட்சிப்பொருளாக்குகிறார் என்ற பழிச்சொல்லுக்கும் அவர் ஆளானார். ஆயினும் அவருடைய முயற்சியால் 1975இல் அதே ஒய்ட்டாவில் தூரக்கிழக்கு மற்றும் தென் பசிபிக் நாடுகளுக்கான வட்டாரப் போட்டி தொடங்கிற்று. 2006 வரை நடந்த அப்போட்டியின் இடத்தில், 2010 முதல் ஆசிய பாரா விளையாட்டுப் போட்டிகள் நடைபெறுகின்றன. 2023 அக்டோபரில் ஹாங்சோவில் நடந்த போட்டியில் இந்தியா 111 பதக்கங்களை வென்றது. காஞ்சிபுரத்தைச் சேர்ந்த துளசிமதி முருகேசன் அங்கு இறகுப்பந்து ஒற்றையர் பிரிவில் தங்கம் பெற்றார்.

எவர் எவருடன் மோதுவது?

"இரு கால்களும் செயலிழந்தவர், ஒரு கையில் மட்டும் குறையுள்ளவரோடு எப்படிப் போட்டியிட முடியும்?" என்று பலர் கேட்கின்றனர். இதற்காகவே வகைப்படுத்துதல் என்னும் முறை உள்ளது. தசை வலுக்குறைவு, மூட்டசைவுக் குறைவு, உறுப்பிழப்பு, கால்களின் நீள வேறுபாடு, குள்ள உருவம், தசை இறுக்கம், தசை ஒருங்கிணைவின்மை, தன்னிச்சையற்ற அசைவுகள் ஆகிய எட்டும் உடல்சார்ந்த தகுதிகளாக ஏற்கப்படுகின்றன. பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர்கள் வீரரைப் பரிசோதித்து, அக்குறை அந்த விளையாட்டை எவ்வளவு பாதிக்கிறது என்று கணித்துப் பிரிவை வழங்குவர். துளசிமதி ஆடும் எஸ்.யூ.5 கைக்குறையுடையோருக்கான பிரிவு. பாரிஸ் பாராலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ஓசூரின் நித்யஸ்ரீ சிவன் ஆடும் எஸ்.எச்.6 குள்ள உருவினருக்கானது.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் குறிக்கப்படும் சதவீதம் வேறு, விளையாட்டுப் பிரிவு வேறு என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். 40 சதவீதம் என்பது அரசுச் சலுகைகளுக்கான அளவுகோல். அதனைக் கொண்டு விளையாட்டுப் பிரிவைத் தாமாக முடிவு செய்துகொள்ள இயலாது. சிகிச்சைக் குறிப்புகளையும் ஊடுகதிர்ப் படங்களையும் பத்திரப்படுத்தி வைத்திருங்கள். மதிப்பீட்டின்போது அவை உதவும்.

கவனிக்க வேண்டியவை

வெயில்: தண்டுவடக் காயத்திற்குக் கீழுள்ள உடற்பகுதி சரிவர வியர்ப்பதில்லை, ஆகவே உடல் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ள இயலாது. மதுரையின் கோடையில் இது ஆபத்தானது. காலை எட்டு மணிக்குள் பயிற்சியை முடித்துவிடுங்கள். தண்ணீரும் ஈரத்துண்டும் அருகில் இருக்கட்டும்.

இரத்த அழுத்தம்: மார்பு முள்ளெலும்புகளில் ஆறாவது எலும்பின் மட்டத்திலோ அதற்கு மேலோ காயமுற்றவர்களுக்கு, சிறுநீர்ப்பை நிரம்பினாலோ சிறுநீர்க்குழாய் அடைபட்டாலோ இரத்த அழுத்தம் திடீரென உயரலாம். கடுந்தலைவலி, முகச் சிவப்பு, தலை கழுத்துப் பகுதியில் வியர்வை ஆகியவை அதன் அறிகுறிகள். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான ஆடைகளைத் தளர்த்தி, குழாயைச் சரிபாருங்கள். அறிகுறி தணியாவிடில் தாமதமின்றி மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். பயிற்சிக்கு முன்பு சிறுநீர்ப்பையைக் காலி செய்வதே முதற்காப்பு.

தோல்: உணர்ச்சியற்ற இடத்தில் புண் வலிக்காது. சக்கர நாற்காலியில் இருக்கையில் 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை உடலைத் தூக்கியோ சாய்த்தோ அழுத்தத்தைக் குறையுங்கள். மாலையில் கண்ணாடி கொண்டு தோலைப் பாருங்கள். செயற்கைக்கால் அணிவோர் கால் முனையில் சிவப்போ கொப்புளமோ தென்பட்டால், அது ஆறும்வரை அக்காலை அணிய வேண்டாம்.

மதுரையில் எங்கே தொடங்குவது?

தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனிப்பிரிவு உண்டு. மாவட்ட அளவில் தொடங்கி மாநில அளவுக்குச் செல்லலாம். ரேஸ்கோர்ஸில் உள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கத்திலும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் விவரம் கேட்டறியலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் விளையாட்டில் பங்கேற்பதை உரிமையாகவே வகுத்துள்ளது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

சேலம் மாவட்டத்துச் சிற்றூரான பெரியவடகம்பட்டியில், ஐந்து வயதில் பேருந்து ஏறி வலக்கால் நசுங்கிய சிறுவன் மாரியப்பன், 2016இல் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். எல்லோரும் பதக்கம் வெல்லப்போவதில்லை. நாங்கள் எதிர்பார்ப்பதும் அதுவன்று. குண்டு எறிந்து பழகிய கைகள், பிறர் உதவியின்றிக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும் வலிமையைப் பெறுகின்றன. மைதானத்துக்குப் போக வேண்டுமென்றால் வீட்டு வாசற்படியைத் தாண்டியாக வேண்டும். பலருக்கு அந்தப் படியைத் தாண்டுவதே முதல் வெற்றி.

அடுத்த முறை மறுபரிசோதனைக்கு வரும்போது, "இவர் எதையெல்லாம் செய்யக்கூடாது?" என்பதோடு, "இவர் என்ன விளையாடலாம்?" என்றும் எங்களிடம் கேளுங்கள்.