எதிர்பாராச் செலவும் சேமிப்பு இலக்கும்

சேமிப்பைத் தொடங்குவது எளிது, தொடர்வதுதான் கடினம். ஆண்டுத் தொடக்கத்தில் பல வீடுகளில் புதிய உண்டியல் ஒன்று அலமாரியில் இடம்பிடிக்கிறது. கைப்பேசி, மிதிவண்டி, உயர்கல்விச் செலவு என ஒவ்வோர் உண்டியலுக்கும் ஒரு நோக்கம் உண்டு. ஆயினும், சில மாதங்களில் அவற்றுள் பல காலியாகிவிடுகின்றன. காரணம் கேட்டால், “எதிர்பாராத செலவு வந்துவிட்டது” என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். எதிர்பாராச் செலவு எல்லா வீடுகளுக்கும்தான் வருகிறது. அப்படியிருந்தும் சிலரால் மட்டும் தங்கள் இலக்கை எவ்வாறு அடைய முடிகிறது?

இதனைப் புரிந்துகொள்ள, நான்காம் படிவ மாணவி ஒருவரின் நிலையைக் கற்பனை செய்து பார்க்கலாம். வீட்டில் இருக்கும் ஒரே கணினியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொள்கின்றனர். பள்ளி ஒப்படைப்பை முடிக்க அவர் இரவு நெடுநேரம் காத்திருக்க வேண்டியுள்ளது. அதனால், பிறர் பயன்படுத்திய நல்ல மடிக்கணினி ஒன்றை 1,200 ரிங்கிட்டுக்கு வாங்க முடிவு செய்கிறார். பள்ளிச் செலவுக்குக் கிடைக்கும் பணத்தில் வாரத்திற்கு 10 ரிங்கிட் மிச்சம் பிடிக்கிறார். வார இறுதியில் அத்தையின் பூக்கடையில் மாலை தொடுக்க உதவி 20 ரிங்கிட் பெறுகிறார். ஆக, வாரத்திற்கு 30 ரிங்கிட். கணக்குப்படி 40 வாரங்களில் மடிக்கணினி கைக்கு வந்துவிடும்.

பன்னிரண்டாம் வாரத்தில் பந்து பட்டு அவருடைய மூக்குக்கண்ணாடி உடைந்துவிடுகிறது. புதியது வாங்க 150 ரிங்கிட் செலவாகிறது. பதினான்காம் வாரத்தில் கல்விச் சுற்றுலாவுக்கு 60 ரிங்கிட் கட்ட வேண்டியிருக்கிறது. பதினான்கு வாரங்களில் சேமித்த 420 ரிங்கிட்டில் 210 ரிங்கிட் போய்விட்டது. பாதிப் பணம் கரைந்ததைக் கண்ட மாணவி மனம் தளர்கிறார். “இனி எங்கே வாங்கப் போகிறோம்!” என்ற சலிப்பில், அந்த வாரமே பேரங்காடிக்குச் சென்று புதுக் காலணி, கைப்பை என மீதிப் பணத்தையும் செலவழித்துவிடுகிறார்.

இந்தக் கணக்கைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். எதிர்பாராச் செலவு எடுத்துக்கொண்ட தொகை 210 ரிங்கிட். மனச்சோர்வு எடுத்துக்கொண்ட தொகையும் 210 ரிங்கிட். முதல் தொகை கண்ணாடிக்கும் கல்விக்கும் பயன்பட்டது. இரண்டாவது தொகை, ‘இலக்குதான் கலைந்துவிட்டதே’ என்ற எண்ணத்தால் வீணானது. பலருடைய சேமிப்பு முழுமையாகக் கலைவது இந்த இரண்டாம் கட்டத்தில்தான். எனவே, பணத்தைச் சேர்க்கத் திட்டமிடுவதுபோல, பணம் குறையும் நாளுக்கும் முன்கூட்டியே திட்டமிடுவது இன்றியமையாதது.

அதற்கு முதற்படி, செலவுகளின் தன்மையை அறிவதாகும். ‘எதிர்பாராதவை’ எனப்படும் செலவுகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, நாள் தெரிந்த செலவுகள். கல்விச் சுற்றுலா, தீபாவளிப் புத்தாடை, நண்பரின் பிறந்தநாள் பரிசு போன்றவை இவற்றுள் அடங்கும். உண்மையில் இவை எதிர்பாராதவை அல்ல, மறந்துபோனவை. இரண்டாவது, வரும் என்று தெரியும், ஆனால் எப்போது வரும் என்று தெரியாத செலவுகள். காலணி தேய்வதும், மிதிவண்டிச் சக்கரம் பழுதாவதும், மூக்குக்கண்ணாடி உடைவதும் இத்தகையவை. மூன்றாவது, உண்மையாகவே திடீரென வருபவை. நோய், விபத்து, குடும்பத்தில் வருமானம் நின்றுபோதல் ஆகியவற்றை இதற்குச் சான்றாகக் கூறலாம்.

முதல் வகைச் செலவுகளுக்கு ஒரு நாள்காட்டியே போதும். ஆண்டுத் தொடக்கத்தில் அவற்றை மாதவாரியாகக் குறித்துவைத்து, அதற்கான தொகையை முன்னரே ஒதுக்கிவிடலாம். மற்ற இரண்டு வகைகளுக்கும் அவசர நிதி தேவை. அவசர நிதி என்பது, திடீர்ச் செலவுக்கென்றே தனியாக எடுத்துவைக்கப்படும் பணம். எவ்வளவு வைப்பது என்ற கேள்விக்குக் கடந்த ஆண்டே விடை சொல்லும். சென்ற ஆண்டில் திட்டமிடாமல் செய்த செலவுகளைப் பட்டியலிட்டு, அவற்றுள் பெரியதை ஈடுகட்டும் அளவு வைத்திருப்பது மாணவர்களுக்கு நல்ல தொடக்கமாக அமையும்.

அதே மாணவி இம்முறையைப் பின்பற்றியிருந்தால் என்ன நடந்திருக்கும்? முதல் இரண்டு வாரச் சேமிப்பான 60 ரிங்கிட்டைச் சுற்றுலாவுக்கென ஒதுக்குகிறார். அடுத்த ஐந்து வாரங்களில் 150 ரிங்கிட் அவசர நிதியைத் திரட்டுகிறார். எட்டாம் வாரத்தில்தான் மடிக்கணினிக்கான சேமிப்பைத் தொடங்குகிறார். பன்னிரண்டாம் வாரத்தில் கண்ணாடி உடைகிறது; அவசர நிதி அதனைப் பார்த்துக்கொள்கிறது. பதினான்காம் வாரத்தில் சுற்றுலாக் கட்டணம் வருகிறது. ஒதுக்கிய பணம் தயாராக இருக்கிறது. அந்த வார முடிவில் மடிக்கணினிக்கான உண்டியலில் ஏழு வாரப் பணம், அதாவது 210 ரிங்கிட் இருக்கிறது.

இரண்டு கணக்கிலும் மிஞ்சியது அதே 210 ரிங்கிட்தான். ஒரு சென்கூட வேறுபாடு இல்லை. ஆனால், முதல் கணக்கில் அது பாதி அழிந்துபோன சேமிப்பின் மிச்சம். இரண்டாம் கணக்கில் அது ஒருமுறைகூடக் கைவைக்கப்படாமல் வளர்ந்துவரும் சேமிப்பு. முதல் பணத்தைச் செலவழிக்க மனம் எளிதில் துணிகிறது. இரண்டாம் பணத்தைத் தொட மனம் தயங்குகிறது.

மனிதர்களின் இந்தப் போக்கைப் பொருளியல் அறிஞர் ரிச்சர்ட் தேலர் ஆராய்ந்துள்ளார். 2017ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றவர் இவர். எல்லா ரிங்கிட்டும் ஒரே மதிப்புடையவை என்றாலும், மனிதர்கள் பணத்தை மனத்தளவில் வெவ்வேறு கணக்குகளாகப் பிரித்தே கையாளுகின்றனர் என்பது அவர் விளக்கிய கருத்து. வீட்டுச் செலவுப் பணம், கேளிக்கைப் பணம், கோயில் காணிக்கைப் பணம் எனப் பெயர் சூட்டப்பட்டுவிட்டால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எடுக்க மனம் எளிதில் ஒப்புவதில்லை. ஆகவே, ‘மடிக்கணினி’ என்று உண்டியலின்மேல் எழுதி ஒட்டுவது விளையாட்டுச் செயலன்று. அந்தப் பெயரே பணத்திற்குக் காவலாக நிற்கிறது.

பெயரோடு இடமும் முக்கியம். இலக்குப் பணமும் அவசரப் பணமும் ஒரே பையில் இருந்தால், நாளடைவில் இரண்டும் கலந்துவிடும். அவசர நிதியைக் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கலாம். இலக்குப் பணத்தைப் பெற்றோரின் துணையுடன் வங்கியில் சேமிப்புக் கணக்கு திறந்து அதில் போட்டுவைக்கலாம். எடுப்பதற்குச் சற்றுச் சிரமம் இருக்கும் இடமே அதற்குப் பொருத்தமான இடம்.

நாட்டளவில்கூட இத்தகைய பிரிவினை கடைப்பிடிக்கப்படுகிறது. மலேசியாவில் 1951ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஊழியர் சேமநிதி வாரியம், தொழிலாளர்களின் ஓய்வுக்காலத்திற்காகச் சேமிப்பைத் திரட்டிவருகிறது. கோவிட்-19 பெருந்தொற்றுக் காலத்தில் பலர் வருமானம் இழந்ததால், அந்தச் சேமிப்பிலிருந்து பணம் எடுக்கச் சிறப்பு அனுமதிகள் வழங்கப்பட்டன. அவற்றின்வழி உறுப்பினர்கள் ஏறத்தாழ 145 பில்லியன் ரிங்கிட்டை மீட்டுக்கொண்டனர். அப்பணம் பல குடும்பங்களைக் காப்பாற்றியது. அதே வேளையில் பலருடைய ஓய்வுக்காலச் சேமிப்பு வெகுவாகக் குறைந்தது. பின்னர், 2024ஆம் ஆண்டு மே மாதம் 55 வயதுக்குட்பட்ட உறுப்பினர்களின் கணக்கு மூன்றாகப் பிரிக்கப்பட்டது. புதிதாகச் செலுத்தப்படும் சந்தாவில் 75 விழுக்காடு ஓய்வுக்காலத்திற்கும், 15 விழுக்காடு வீடு, கல்வி, மருத்துவம் போன்ற தேவைகளுக்கும் செல்கிறது. எஞ்சிய 10 விழுக்காட்டை எந்நேரமும் எடுத்துக்கொள்ளலாம். நெருக்கடிக்குச் சிறு வாசலைத் திறந்துவைத்து, பெரும்பகுதியைப் பாதுகாப்பதே இந்த அமைப்பின் அடிப்படை.

அவசர நிதி இருக்கிறது என்பதற்காக அதனை நினைத்தபோதெல்லாம் எடுத்துவிடக்கூடாது. எடுப்பதற்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. இச்செலவு கட்டாயம் தேவையா? அடுத்த மாதம் வரை தள்ளிப்போட முடியுமா? இதைவிடக் குறைந்த செலவில் முடிக்க வழி உண்டா? மூக்குக்கண்ணாடி உடையும்போது கண்ணாடிவில்லைகள் நல்ல நிலையில் இருந்தால், சட்டத்தை மட்டும் மாற்றினாலே போதுமானதாக இருக்கலாம். தோழி வாங்கிய பையைப் போலவே ஒன்று தள்ளுபடி விலையில் கிடைப்பது அவசரம் ஆகாது.

அவசர நிதி போதாத நிலையும் ஏற்படலாம். அப்போது சிலர், இலக்குப் பணத்தைத் தொடக்கூடாது என்ற பிடிவாதத்தால் கடன் வாங்குகின்றனர். அல்லது ‘இப்போது வாங்கு, பிறகு செலுத்து’ என்னும் தவணைத் திட்டங்களை நாடுகின்றனர். கையில் பணத்தை வைத்துக்கொண்டு வட்டியும் தாமதக் கட்டணமும் செலுத்துவது இழப்பையே தரும். அத்தகைய வேளையில் இலக்குப் பணத்திலிருந்து தேவையான தொகையை மட்டும் எடுப்பதே அறிவுடைமை. குடும்பத்தில் ஒருவர் நோயுற்று, பிள்ளையின் சேமிப்பு மருந்துக்குப் பயன்பட நேர்ந்தால் அது தோல்வியன்று. சேமிப்பு இருந்ததால்தான் அந்த உதவி அன்று சாத்தியமாயிற்று.

செலவு முடிந்தபின் செய்வதே இலக்கின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது. முதலில், எவ்வளவு எடுக்கப்பட்டது, எதற்காக எடுக்கப்பட்டது என்பதை அன்றே குறித்துவைக்க வேண்டும். அடுத்து, மறுவாரமே மீண்டும் சேமிக்க வேண்டும். 30 ரிங்கிட் முடியாவிட்டால் 5 ரிங்கிட்டாவது போட வேண்டும். ஒரு வாரம் விடுபட்டால் பழக்கம் விடுபட்டுப்போகும். இறுதியாக, இலக்கை அடையும் நாளைத் திருத்தி எழுத வேண்டும். நாள் தள்ளிப்போகலாம், இலக்கைக் கைவிட வேண்டியதில்லை. சிலர், இழந்த தொகையை ஒரே மாதத்தில் ஈடுசெய்யக் கருதி உணவைக் குறைத்துக்கொள்கின்றனர். இம்முயற்சி நெடுநாள் நீடிக்காது; உடல்நலமும் கெடும்.

அந்த மாணவியின் கணக்கை இறுதிவரை போட்டுப் பார்க்கலாம். சுற்றுலாவுக்கு இரண்டு வாரங்கள், அவசர நிதிக்கு ஐந்து வாரங்கள், செலவான அவசர நிதியை மீண்டும் நிரப்ப ஐந்து வாரங்கள், மடிக்கணினிக்கு 40 வாரங்கள். மொத்தம் 52 வாரங்கள், அதாவது ஓராண்டு. முதலில் போட்ட திட்டத்தைவிட 12 வாரங்கள் கூடுதல். ஆனால், வேறு இடர் வராவிட்டால், ஆண்டின் முடிவில் அவரிடம் மடிக்கணினி இருக்கும். அடுத்த எதிர்பாராச் செலவைச் சந்திக்க 150 ரிங்கிட்டும் இருக்கும்.

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பது முன்னோர் மொழி. செலவை அளப்பது போலவே, வரவிருக்கும் இடரையும் ஓரளவு அளந்துவைப்பவர் நடுவழியில் திகைப்பதில்லை. எதிர்பாராச் செலவு எல்லார் வீட்டுக் கதவையும் ஒருநாள் தட்டும். அதற்கென ஒரு பங்கை முன்னரே எடுத்துவைத்தவருடைய இலக்கு, சற்றுத் தாமதமானாலும் நிறைவேறும்.