அடி விழுவதற்கு முன்பே மூடும் கண்கள்

ஜிம்பாப்வே, தான்சானியா போன்ற ஆப்பிரிக்க நாடுகளில் உரிமம் பெற்றுக் காட்டெருமை வேட்டைக்குச் செல்கிறவர்களை, வழிகாட்டிகள் வந்தவுடன் காட்டுக்குள் அழைத்துப் போவதில்லை. முகாம் அருகே ஓர் அட்டையை நட்டு, முதலில் இதைச் சுடுங்கள் என்பார்கள். பயணத்தில் துப்பாக்கியின் குறி விலகியிருக்கிறதா என்று பார்ப்பதற்காம். உண்மையில் சுடுபவரையும் அங்கேயே எடைபோட்டு விடுகிறார்கள்.

இந்தப் பயணத்துக்கென்றே மிகப் பெரிய ரைபிளைப் புதிதாக வாங்கி, அதில் நாலைந்து முறை மட்டும் சுட்டுவிட்டு வரும் விருந்தினரைக் கண்டால் வழிகாட்டிகளுக்குப் பயம். வேட்டை சரியா, தவறா என்பது வேறு விவாதம். அந்தப் பயத்துக்குப் பின்னால் இருக்கும் அறிவியலை மட்டும் பார்ப்போம்.

படிவம் நான்கில் படித்த உந்தம் நினைவிருக்கிறதா? குண்டு முன்னால் பாய, துப்பாக்கி பின்னால் உதைக்கும். மான் வேட்டையில் பலருக்கும் பழகிய .30-06 ரைபிளின் குண்டு சுமார் 11.7 கிராம், வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 820 மீட்டர். 1950களின் இறுதியில் வந்த .460 வெதர்பி மேக்னத்தின் குண்டோ 32.4 கிராம், வேகம் சுமார் 800 மீட்டர். வெடிமருந்து வாயுவின் உந்தத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், 3.6 கிலோ எடையுள்ள முதல் ரைபிள் தோளில் இறக்கும் ஆற்றல் சுமார் 27 ஜூல். 4.7 கிலோ எடையுள்ள இரண்டாவது இறக்குவது சுமார் 130 ஜூல். ஏறக்குறைய ஐந்து மடங்கு!

இந்த உதைதான் குறியைக் கெடுக்கிறது என்று நினைப்பீர்கள். என் மாணவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால், 60 சென்டிமீட்டர் குழலைக் குண்டு கடக்க 1.5 மில்லிவிநாடி போதும். அதற்குள் ரைபிள் பின்னால் நகர்வது அரை சென்டிமீட்டர்தான். அந்தச் சிறு அசைவும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருப்பதால், குறியைச் சரிசெய்யும்போதே அது கணக்கில் சேர்ந்துவிடுகிறது. தோளில் பலமாக இடிக்கும்போது குண்டு வெளியே போய்விட்டிருக்கும்.

பிறகு ஏன் தப்புகிறது? ஒரு பலூனை ஊசியால் குத்துங்கள். உங்கள் முகத்தை நண்பர் கைப்பேசியில் மெதுவோட்டமாகப் பதிவு செய்யட்டும். ஊசி படும் முன்பே உங்கள் கண் சுருங்குவதைப் பார்க்கலாம். சத்தம் கேட்டுக் கண் சிமிட்டுவதற்கு 30 முதல் 50 மில்லிவிநாடி ஆகும். அதற்குள் குண்டு பல மீட்டர் தாண்டிவிடும். ஆகவே அந்த அனிச்சைச் செயலால் கெடுதல் இல்லை. சில அடிகள் வாங்கிய பிறகுதான் சிக்கல். மணியோசைக்கே எச்சில் ஊறிய பாவ்லோவின் நாயைப்போல, மூளை அடியை முன்கூட்டியே எதிர்பார்க்கக் கற்றுக்கொள்கிறது. இதில் சிறுமூளைக்குப் பெரிய பங்கு உண்டு. டிரிகரைத் தொட்டதுமே கண் மூடும், தோள் முன்னால் தள்ளும், விரல் வெடுக்கென்று இழுக்கும், குழல் முனை தாழும்.

ஒரு மீட்டர் நீளமுள்ள ரைபிளின் முனை 5 மில்லிமீட்டர் தாழ்ந்தால், 100 மீட்டர் தூரத்தில் குண்டு அரை மீட்டர் கீழே போகும். நெஞ்சைக் குறிவைத்தது காலில் படலாம். காயம்பட்ட எருமை அடர்ந்த புதருக்குள் புகுந்துகொண்டு, தேடி வருகிறவர்கள் மீது மிக அருகிலிருந்து பாயக்கூடியது. அப்போது முன்னால் நடக்க வேண்டியவர்கள் தடம் பார்க்கும் உள்ளூர்த் தொழிலாளியும் வழிகாட்டியும்தான்.

இவ்வளவு பலமும் தேவைதானா? எருமைக்கு நமீபியச் சட்டம் கேட்பது குறைந்தது 5,400 ஜூல். 1912-இல் வந்த .375 தோட்டாவே அதைத் தாண்டிவிடும். வெதர்பியோ 10,000 ஜூலை எட்டும். தந்தத்துக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்ற டபிள்யூ.டி.எம். பெல் (மெச்சத்தக்க சாதனை அல்ல) பெரும்பாலும் சிறிய ரைபிள்களையே நம்பினார். மூளை எங்கே இருக்கிறது என்று அறிய யானையின் மண்டையோட்டை ரம்பத்தால் அறுத்தே பார்த்தவர் அவர்.

இந்தப் பழக்கத்தைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. சுடுபவருக்குத் தெரியாமல் இடையில் ஒரு போலித் தோட்டாவைப் போட்டுக் கொடுப்பார்கள். 'டிக்' என்ற சத்தம் மட்டும் வரும். உதைக்க எதுவும் இல்லாமலே குழல் முனை குபுக்கென்று கீழே குத்தும். தன் தவறை அவரே பார்த்துவிடுவார். பழையபடி சிறிய ரைபிளுக்குத் திரும்பி, நூற்றுக்கணக்கில் நிதானமாகச் சுட்டுத்தான் மூளை கற்றதை மறக்கடிக்க வேண்டும். அதற்கு மாதக் கணக்கில் ஆகலாம். விருந்தினருக்கு இருப்பதோ பத்து நாள். அதனால், சில வழிகாட்டிகள் அந்தப் புது ரைபிளைப் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டு, முகாமில் கிடக்கும் பழைய .375-ஐ எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.