அடிநாதம் தேயலாமா?

தர்மபுரியில் பேஸ் கிதார் பயிலும் பிள்ளை, காலால் மிதித்துப் பலவித ஒலி ஜாலங்கள் புரியும் 'மல்டி எஃபெக்ட்ஸ்' பெடல் கேட்டால் பெற்றோர் திகைக்க வேண்டியதில்லை. சேலத்துக்கோ பெங்களூருக்கோ வாங்கப் புறப்படுமுன் ஒன்றைக் கவனிக்கும்படி சொல்வோம்.

இவ்வாத்தியத்தின் தடித்த தந்தி விநாடிக்குச் சுமார் 41 முறையே அதிர்கிறது; ஐந்து தந்தி வாத்தியத்திலோ 31 முறைதான். சாதாரணக் கிதாருக்கென்று அமைந்த பெடல் இந்த அடிநாதத்தைத் தேய்த்துவிடக்கூடும். ஆகையால் பேஸுக்கென்றே செய்ததும், மூல நாதத்தையும் ஜாலத்தையும் வேண்டிய அளவில் கலக்க வசதியுள்ளதுமான பெடலே உத்தமம் என்பது நமது அபிப்பிராயம். ஹெட்போன் மாட்டும் வசதியும் இருந்தால் அண்டை வீட்டாரின் உறக்கம் பிழைக்கும்!

இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிதார் நம் மனத்தைக் கவருவது அந்த அடிநாதத்தால் அன்றோ? ஆகவே, ஜாலங்களின் எண்ணிக்கையில் மயங்காமல், கடையிலேயே தடித்த தந்தியை மீட்டிக் கேளுங்கள். நாதம் மெலிந்தால், எவ்வளவு மலிவாயினும் அப்பெடல் வேண்டாம்.