வாறுகாலில் கொட்டுறது வைகைக்கு போகுது! முதல் மழையில் மதுரையில் நடப்பது என்ன?

மதுரை:

ஒரு நல்ல மழை பெய்தால் போதும், ஊரே கழுவி விட்ட மாதிரி ஆகிவிடும் என்று பலரும் சொல்வது உண்டு. தெரு சுத்தமாவது நிஜம்தான். ஆனால் கழுவிய அழுக்கு எங்கே போகிறது? மதுரையை பொறுத்தவரை வைகை ஆறு, கிருதுமால் நதி, சுற்றி உள்ள கண்மாய்கள் என்று அத்தனை நீர்நிலைகளுக்கும்தான் போய் சேருகிறது.

2 வழி, 2 தண்ணீர்

வீட்டில் இருந்து வெளியேறும் தண்ணீருக்கு 2 வழிகள் உள்ளன. கழிப்பறை, குளியலறை கழிவுநீர் பாதாள சாக்கடை வழியாக அவனியாபுரம், சக்கிமங்கலத்தில் உள்ள சுத்திகரிப்பு நிலையங்களுக்கு போக வேண்டும்.

தெருவில் ஓடும் மழைநீருக்கு வழி வேறு. அது வாறுகால், மழைநீர் வடிகால் வழியாக வாய்க்காலுக்கு போகும். செல்லூர் கண்மாய் பக்கம் இருந்து வரும் பந்தல்குடி வாய்க்கால், நகருக்குள் ஓடி நேராக வைகையில் சேருகிறது. பொதுவாக மழைநீர் வடிகாலில் சுத்திகரிப்பு நடப்பது இல்லை. வாறுகாலில் என்ன விழுந்ததோ, அது பெரும்பாலும் ஆற்றுக்குத்தான் போகும்.

முதல் மழைதான் மோசம்

வெயில் காலம் முழுவதும் தெருவில் சேர்ந்து கிடப்பதை எல்லாம் முதல் மழை வாரிக்கொண்டு போகிறது. வண்டிகளில் இருந்து சொட்டிய ஆயில், டயர் தேய்ந்த தூள், மாட்டு சாணம், நாய் கழிவு, கேரிபேக், எச்சில் இலை, கறிக்கடை கழிவு, வீடு கட்டும் இடத்தில் கொட்டிய மணல், சிமெண்டு என்று எதுவும் பாக்கி இருக்காது.

ஆற்றில் நிறைய தண்ணீர் ஓடினாலாவது இந்த அழுக்கு கொஞ்சம் கரைந்து போகும். ஆனால் வருடத்தில் பல மாதங்கள் வைகை வறண்டுதான் கிடக்கிறது. வரும் கழிவு அங்கேயே தேங்குகிறது. அந்த கழிவில் உள்ள சத்தை உறிஞ்சித்தான் ஆகாயத்தாமரை ஆற்றை மூடி வளருகிறது. அது மூடினால் தண்ணீருக்குள் வெளிச்சம் போகாது. பிராணவாயு குறையும். மீன் செத்து மிதக்கும்.

அவனியாபுரம் அருகே அயன்பாப்பாக்குடி கண்மாய் தண்ணீர் மழைக்காலத்தில் நுரை தள்ளி, ரோடு வரைக்கும் பறந்து வந்ததை சமீப ஆண்டுகளில் மதுரை மக்கள் கண்கூடாக பார்த்தார்கள். கழிவுநீரோடு வரும் சோப்பு, சலவை தூள்தான் இப்படி நுரைக்க முக்கிய காரணம். தண்ணீர் உயரத்தில் இருந்து விழுந்து கலங்கும்போது நுரை பொங்கும்.

மூடியை திறக்கலாமா?

மழைநீர் தெருவில் தேங்கினால், பாதாள சாக்கடை மூடியை கம்பியால் நெம்பி திறந்து விடுவது பல தெருக்களில் நடக்கிறது. தண்ணீர் வடிவது போல தெரியும். ஆனால் மண்ணும் குப்பையும் உள்ளே போய் குழாயை அடைத்து விடும். இவ்வளவு தண்ணீரை அந்த குழாய் தாங்காது. கடைசியில் தாழ்வான பகுதியில் உள்ள வீடுகளுக்குள் மலக்கழிவு பொங்கி வரும். திறந்து கிடக்கும் குழியில் ஆள் விழும் ஆபத்தும் உண்டு.

இன்னொரு பக்கம், வீட்டு கழிவுநீர் குழாயை திருட்டுத்தனமாக மழைநீர் வடிகாலில் சேர்த்து விடுகிறார்கள். அந்த கழிவு மழை இல்லாத நாளிலும் ஆற்றுக்கு போய்க்கொண்டே இருக்கும்.

யாருக்கு பாதிப்பு?

வைகை மதுரையோடு முடியவில்லை. திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி வழியாக ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரைக்கும் இந்த தண்ணீரைத்தான் விவசாயிகள் நம்பி இருக்கிறார்கள். மதுரையிலேயே வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்கு பனையூர் வாய்க்கால் வழியாக வருவதும் வைகை தண்ணீர்தான்.

அடைத்த வாறுகாலில் கொசு பெருகும். எலி சிறுநீர் கலந்த மழைநீரில் காலில் புண்ணோடு நடந்தால் எலிக்காய்ச்சல் வரும். இதில் முதலில் மாட்டுவது தாழ்வான பகுதியில் குடியிருப்பவர்களும், வெறுங்காலோடு வேலை பார்க்கும் துப்புரவு தொழிலாளர்களும்தான்.

நாம் என்ன செய்யலாம்?

* வாசல் கூட்டிய குப்பையை வாறுகாலில் தள்ளாதீர்கள். அள்ளி, குப்பை வண்டி வரும்போது பிரித்து கொடுங்கள்.

* மெக்கானிக் ஷெட், வாட்டர் வாஷ் கடைக்காரர்கள் கழிவு ஆயிலை கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுப்பவர்களிடம் கொடுக்க வேண்டும். ஒரு லிட்டர் ஆயில் 10 லட்சம் லிட்டர் தண்ணீரை கெடுக்கும் என்று அமெரிக்க சுற்றுச்சூழல் துறை கணக்கு சொல்கிறது.

* புரோட்டா கடை, தள்ளுவண்டி கடைகளில் மிஞ்சும் எண்ணெயை ஊற்றவே கூடாது. ஆறினால் கட்டியாகி வாறுகாலை அடைக்கும்.

* வீடு கட்டுபவர்கள் மணல், ஜல்லியை ரோட்டு ஓரத்தில் கொட்டினால் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். கலவை சட்டி கழுவிய தண்ணீரை வடிகாலில் விடாதீர்கள்.

* மழைநீர் சேகரிப்பு தொட்டியை சுத்தம் செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டே இது எல்லா கட்டிடங்களுக்கும் கட்டாயம் ஆக்கப்பட்டது. ஆயிரம் சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 930 லிட்டர் தண்ணீர் விழும். அது பூமிக்குள் இறங்கினால் போர் தண்ணீர் ஏறும். தெரு அழுக்கை சுமந்துகொண்டு ஆற்றுக்கும் போகாது.

* வாசலை முழுக்க சிமெண்டு போட்டு மூடாமல், கொஞ்சம் மண்ணை விட்டு வையுங்கள்.

* தண்ணீர் தேங்கினால் மூடியை திறக்காமல், மாநகராட்சி வார்டு அலுவலகத்துக்கு தகவல் சொல்லுங்கள்.

வாறுகாலை தூர்வாருவது மாநகராட்சி வேலைதான், அதை கேட்டு வாங்குவது மக்களின் உரிமை. ஆனால் இன்று தூர்வாரிய வாறுகாலில் நாளைக்கே குப்பையை கொட்டினால், எத்தனை முறை அள்ளினாலும் பிரயோஜனம் இல்லை. வடகிழக்கு பருவமழை ஐப்பசியில் வலுக்கும். அதற்கு முன்பு புரட்டாசியிலேயே தெருக்காரர்கள் கூடி, வாறுகால் அடைப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்து, மனு கொடுத்து விடுவது நல்லது. மழை கொட்டும்போது ஓடினால் வேலைக்கு ஆகாது.