உஷார்! கொரிய வினையின் கடைசி அசையில் கவனம்

கே-டிராமா பார்த்தே கொரிய மொழி பிடிபட்டுவிட்டது என்ற நம்பிக்கையில் சியோலுக்கு விமானம் ஏறப்போகிறவர்களே, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரிய நிறுவனத்தில் சேரப்போகிறவர்களே, கொஞ்சம் நில்லுங்கள். நீங்கள் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் வசனங்களில் பல 'பன்மல்'. நெருங்கிய நண்பர்கள் தங்களுக்குள்ளும், பெரியவர்கள் சிறியவர்களிடமும் பேசும் ஒருமைப் பேச்சு அது. 'பாப் மொகொஸ்ஸோ?' (சாப்பிட்டியா?) என்று கதாநாயகி கேட்டால் இனிக்கும். அதையே மேலாளரிடம் நீங்கள் கேட்டால் அவர் முகம் மாறும். வெளிநாட்டவர்தானே என்று சிலர் பொறுத்துக்கொள்வார்கள். எல்லாரும் பொறுப்பார்கள் என்று நம்பி இறங்காதீர்கள்.

சரி, கடைசியில் 'யோ' என்ற மரியாதை விகுதியைச் சேர்த்துவிட்டால் போதுமா? போதாது. நம் ஆட்கள் அதிகம் வழுக்குவது இந்த இடத்தில்தான்.

'கொரியன் நம்ம தமிழ் மாதிரியேதான், வினை கடைசியில வரும்' என்று பலரும் ஆறுதல் சொல்வார்கள். சொல் வரிசை உண்மையிலேயே அப்படித்தான். ஆனால் வந்தான், வந்தாள் என்று ஆளைக் காட்டும் விகுதி கொரிய வினையில் கிடையாது. அதற்குப் பதில் மரியாதைக்கு இரண்டு இடங்கள் உண்டு. யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவருக்கு நடுவில் 'ஷி'. யாரிடம் பேசுகிறோமோ அவருக்குக் கடைசியில் 'யோ' அல்லது 'ம்னிதா'. கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இது சட்டென்று விளங்கும். 'தம்பி வந்தானுங்க' என்பதில் தம்பிக்கு மரியாதை இல்லை, கேட்பவருக்கு உண்டு. 'தோங்சேங்இ வஸ்ஸோயோ' என்பதும் அதே கணக்கு. தாத்தா வந்ததை நண்பனிடம் சொல்லும்போது 'ஹராபொஜி ஓஷொஸ்ஸோ': தாத்தாவுக்கு 'ஷி' உண்டு, நண்பனுக்கு 'யோ' வேண்டாம். பணிவு கூடுதலாகவே இருக்கட்டும் என்று அந்த 'ஷி'யை உங்கள் செயலுக்கே போட்டுவிடாதீர்கள். உங்களை நீங்களே உயர்த்திக்கொண்டதாக ஆகிவிடும்.

இதைவிடக் கள்ளத்தனமான கண்ணி காரணம் சொல்லும் விகுதிகளில் இருக்கிறது. 'ஸோ', 'னிக்கா' இரண்டுக்கும் 'அதனால்' என்றே குறித்து வைத்திருப்பீர்கள். 'மழை பெய்யுது, அதனால குடை எடுத்துட்டுப் போங்க' என்று ஏவலில் முடிந்தால் 'ஸோ' வரக்கூடாது, 'னிக்கா'தான். மன்னிப்புக் கேட்கும்போதோ தலைகீழ். தாமதமாக வந்துவிட்டு 'நுஜொஸோ ஜ்வெசோங்ஹம்னிதா' என்றால் வருத்தம். அந்த இடத்தில் 'னிக்கா' போட்டால் இலக்கணமும் இடறும், நியாயம் பேசுவது போலவும் ஒலிக்கும். இறந்தகால இடைநிலையும் இந்த 'ஸோ'வுக்கு முன்னால் ஒட்டாது.

சொற்களிலும் எச்சரிக்கை தேவை. பெரியவர் தூங்கினால் 'ஜாதா' அல்ல, 'ஜுமுஷிதா'. அவர் வயதைக் கேட்கும்போது 'யொன்ஸே' என்ற சொல் வேண்டும். 'நீங்கள்' என்பதற்கு அகராதி தரும் 'தாங்ஷின்' தம்பதியர் பேச்சிலும் சண்டையிலும் புழங்குவது. அதை எதிரில் நிற்பவரிடம் எடுத்து வீசாதீர்கள். 'சொன்செங்னிம்' (ஆசிரியர்), 'சாஜாங்னிம்' (முதலாளி) என்று பதவியைச் சொல்லி அழைப்பதே வழக்கம். தம்பிமாரே, 'ஓப்பா' என்பது பெண்கள் அண்ணனை அழைக்கும் சொல். ஆண்களுக்கு 'ஹ்யோங்'.

'டோபிக்' என்ற கொரிய மொழித் திறன் தேர்வில் தேறிவிட்டேன் என்றும் அசந்துவிடாதீர்கள். டோபிக் ஒன்றில் கேட்டல் 30 கேள்வி, வாசித்தல் 40 கேள்வி, எல்லாமே விடையைத் தேர்ந்தெடுப்பவை. 200க்கு 140 எடுத்தால் 2ஆம் நிலை கைக்கு வந்துவிடும். அதுவரை நீங்கள் ஒரு வாக்கியமாவது பேசினீர்களா, எழுதினீர்களா என்று யாரும் பார்க்கப்போவதில்லை.

ஆகவே வினைச்சொல்லை இன்றிலிருந்தே 'யோ'வோடு சேர்த்து, வாய்விட்டுச் சொல்லிப் படியுங்கள். வயதில் மூத்தவர் தாமாகவே ஒருமையில் பேசச் சொன்னாலும் உடனே தாவாதீர்கள். அலுவலகத்தில், அதுவும் மேலதிகாரி என்றால், அப்போதும் 'யோ' இருக்கட்டும்.