வேர்க்காத குதிரை தெரியுமா?

கும்மிடிப்பூண்டியில் கத்திரி வெயில் ஏறத் தொடங்கும் அதே மே மாத நாட்களில், இங்கிலாந்தின் பாட்மின்டனில் குதிரைகள் மரத்தடிகளையும் புதர்வேலிகளையும் தாண்டி, குளத்துக்குள் குதித்து ஓடிக்கொண்டிருக்கும் என்பது தெரியுமா? ஆமாம், இறகுப்பந்துக்குப் பேர் கொடுத்த அதே பாட்மின்டன்தான்! 1949இலிருந்து அங்கே நடக்கும் ஈவென்டிங் போட்டிதான் குதிரையேற்ற உலகத்தின் பெரிய திருவிழா. சித்திரையும் வைகாசியும் நமக்கு இளவேனில், அவர்களுக்கும் வசந்தம். மாதம் ஒன்றுதான், வெயில்தான் வேறு. அங்கே பனி விலகியதும் வாராவாரம் ஒரு ஊர், ஒரு போட்டி என்று லாரியில் குதிரையை ஏற்றிக்கொண்டு அலைவார்கள். இந்தியாவிலோ குதிரைப் போட்டிகள் பெரும்பாலும் குளிர்காலத்தோடு சரி. நம் பக்கத்தில் பங்குனி பிறந்தாலே குதிரைக்கு நிழலும் தண்ணீரும்தான் முதல் தேவை!

ஈவென்டிங் என்றால் என்ன தெரியுமா? ஒரே குதிரை, ஒரே வீரர், மூன்று சோதனைகள். முதலில் 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள மைதானத்தில் பரதம் ஆடுவதுபோல அடி பிசகாத நடை. அதற்கு டிரெஸ்ஸாஜ் என்று பேர். அடுத்தது கிராஸ் கன்ட்ரி, அதாவது திறந்த வெளியில் அசையாத தடைகளைத் தாண்டிக்கொண்டே பாய்ச்சல். கடைசியில் ஷோ ஜம்பிங், தொட்டால் விழும் கம்பங்களைத் தாண்டுவது. மூன்றிலும் வாங்கும் தண்டனைப் புள்ளிகளைக் கூட்டுவார்கள். யாருக்குக் குறைவோ அவருக்கே வெற்றி!

நடுவில் இருக்கிற அந்தப் பாய்ச்சலைக் கேளுங்கள். உச்ச நிலைப் போட்டியில் நிமிடத்துக்கு 570 மீட்டர் வேகம், ஆறரை கிலோமீட்டர் அளவுக்குத் தூரம், வழியெல்லாம் தாண்டல்கள். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், கவரைப்பேட்டையில் ஏறி கும்மிடிப்பூண்டியில் இறங்குகிற தூரத்துக்குக் கிட்டத்தட்ட வரும். நாம் யூனிட் ரயிலில் உட்கார்ந்து கடக்கிற தூரத்தை, முதுகில் ஆளைச் சுமந்துகொண்டு, வேலியும் பள்ளமும் தாண்டி, ஒரு குதிரை பதினொன்று பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறது! குறித்த நேரத்தைத் தாண்டிய ஒவ்வொரு விநாடிக்கும் 0.4 புள்ளி தண்டனை. ஒரு தடை முன்னால் குதிரை மறுத்து நின்றால் 20 புள்ளி.

ஓடும்போது அதன் உடம்புக்குள் நடப்பது இன்னும் பெரிய ஆச்சரியம். சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 30, 40 முறை துடிக்கும் இதயம், முழுப் பாய்ச்சலில் 200ஐத் தாண்டும். மண்ணீரல் சுருங்கி, சேமித்து வைத்திருந்த சிவப்பணுக்களை ரத்தத்தில் கொட்டும். பாய்ச்சலில் ஒரு தாவலுக்கு ஒரு மூச்சு; காலும் நுரையீரலும் ஒரே தாளத்தில் போகும். அதுவும் மூக்கால் மட்டும்! நம்மைப் போல வாயால் மூச்சு வாங்கக் குதிரைக்கு வழியே கிடையாது.

இத்தனை உழைப்பும் சூடாகத்தானே மாறும்? தசை செலவழிக்கும் சக்தியில் முக்கால் பங்கு வெப்பமாகிவிடுகிறது. குதிரை நம்மைவிட ஏழு மடங்கு கனம், ஆனால் அந்தச் சூட்டை வெளியேற்றுகிற தோலின் பரப்போ ஏறக்குறைய மூன்று மடங்குதான். உலை பெரிது, சன்னல் சின்னது! அதனால்தான் குதிரைக்கு அப்படி வேர்க்கிறது. கடும் உழைப்பில் மணிக்கு 10 லிட்டருக்கு மேல்கூடப் போகும். ஒரு தண்ணீர் கேன் பாதி காலி!

அந்த வேர்வையைப் பக்கத்தில் பார்த்திருக்கிறீர்களா? மெரினாவில் ஒரு மே மாதச் சாயங்காலம், சவாரிக் குதிரை ஒன்றின் கழுத்தருகே நின்றேன். வார் உரசுகிற இடத்தில் மட்டும் சோப்பு போட்டதுபோல வெள்ளை நுரை. விரலால் தொட்டால் வழவழவென்று இருந்தது, காய்ந்ததும் உப்புப் பொருக்கு. அந்த நுரைக்குக் காரணம் லேதரின் என்கிற ஒரு புரதம். குதிரையின் வேர்வையிலேயே இருக்கிறது அது. எண்ணெய்ப் பசையுள்ள அடர்ந்த முடியின் மேல் வேர்வை முத்துமுத்தாக நின்றுவிடாமல் பரவி ஆவியாக வேண்டும் அல்லவா? அதற்கு இயற்கை தந்த சோப்பு!

எங்கள் சிப்காட் பக்கம் இரும்பு உருக்கும் ஆலைகளில் ஷிப்ட் முடித்து வருகிறவர்களின் சட்டை முதுகில் வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். உலைச் சூட்டில் வடிந்து காய்ந்த உப்பு அது. அவர்களுக்குத் தாகம் எடுக்கும், மோரோ தண்ணீரோ குடிப்பார்கள். குதிரையின் பாடு வேறு. மனிதன் வேர்வையில் ரத்தத்தைவிட உப்பு குறைவு. அதனால் வேர்க்க வேர்க்க ரத்தத்தில் உப்பு ஏறி, 'தண்ணீர் குடி' என்று மூளைக்குச் சேதி போகிறது. குதிரை வேர்வையிலோ ரத்தத்துக்குச் சமமாகவோ அதற்கு மேலோ உப்பு. தண்ணீரும் உப்பும் சேர்ந்தே போய்விடுவதால் அந்தச் சேதி சரியாகப் போவதில்லை. உடம்பு வறண்டு கிடக்கும், வாளியை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்! குதிரையைப் பார்த்துக்கொள்கிற சயீஸ்கள் தீவனத்தில் உப்பு கலப்பது சும்மா இல்லை.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். வேர்க்கவே வேர்க்காத குதிரையும் உண்டு, தெரியுமா? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து பந்தயத்துக்கும் போலோவுக்கும் வெப்ப நாடுகளுக்குக் கப்பலேறிய குதிரைகளிடம் இது தெரியவந்தது. புழுக்கமான ஊரில் சில காலம் தாறுமாறாக வேர்க்கும். பிறகு ஒரு நாள் சுரப்பிகள் கைவிட்டுவிடும். நடுவெயிலில் ஓடி வந்தும் உடம்பு காய்ந்த சாக்குப்போல இருக்கும், மூச்சு மட்டும் இரைக்கும். 'டிரை கோட்' என்று பேர். இன்றுவரை நிச்சயமான மருந்து கிடையாது. குளிர்ந்த இடத்துக்கு மாற்றுவதுதான் வழி. பழவேற்காட்டு ஏரிக் காற்றின் ஈரத்தில் சட்டை உடம்போடு ஒட்டுகிற நமக்கு, அது எப்படிப்பட்ட புழுக்கம் என்று யாரும் விளக்க வேண்டாம்.

இதைப் படித்ததும் எனக்கு மார்க்கோ போலோ நினைவு வந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்தவர், மன்னர் ஆண்டுக்கு 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளை அரபு வணிகர்களிடம் வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சாது என்றும் எழுதி வைத்திருக்கிறார். லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் ஆள் இல்லாததைக் காரணம் சொல்கிறார். பாலைவனத்து உலர்ந்த சூட்டில் பிறந்த குதிரைகளை நம் கடலோரப் புழுக்கமும் வதைத்திருக்கும் என்பது என் எண்ணம். அத்தனை பொன்னைக் கொட்டி வாங்கிய உயிர்கள்!

பிற்காலத்தில் ராணுவத்தினர் தங்கள் குதிரைகளுக்காக மேட்டு நிலத்துக் குளிர்ச்சியைத் தேடிப் போனார்கள். ஓசூரை அடுத்த மத்திகிரியில் இன்று இருக்கிற கால்நடைப் பண்ணை, 1824இல் ராணுவக் குதிரைகளுக்காகத் தொடங்கப்பட்ட இடம் என்பது தெரியுமா? ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். தமிழனுக்கும் குதிரைக்கும் உள்ள பாசம் ஐயனார் கோயில் மண்குதிரையோடு முடிந்துவிடவில்லை என்று தெரியும்.

சூட்டைத் தணிக்க ஈவென்டிங்காரர்கள் கண்ட வழியும் ஒரு கதை. ஓடி வந்த குதிரை மேல் குளிர்ந்த நீரை ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்று காலம் காலமாக நம்பிக்கொண்டிருந்தார்கள். 1996 ஒலிம்பிக் அட்லாண்டாவின் கோடைப் புழுக்கத்தில் நடக்கப்போகிறது என்றதும் ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். பயம் வீண்! ஐஸ் தண்ணீரை உடம்பு முழுக்க விடாமல் ஊற்றுவதுதான் குதிரையைக் காப்பாற்றுகிறது. அட்லாண்டாவில் இந்தியாவின் இந்திரஜித் லாம்பாவும் போட்டியிட்டார். அடுத்து 2000 சிட்னியில் இம்தியாஸ் அனீஸ். அதற்குப் பிறகு ஒலிம்பிக் ஈவென்டிங்கில் இந்தியர் ஒருவரைப் பார்க்க 20 ஆண்டுக்கு மேல் காத்திருந்தோம்.

வந்தவர் பெங்களூரு இளைஞர் ஃபவாத் மிர்ஸா, கால்நடை மருத்துவரின் மகன்! 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் ரகுபீர் சிங் ஈவென்டிங் தங்கம் வென்றபின் 36 ஆண்டுகள் தனிநபர் குதிரையேற்றப் பதக்கமே இல்லாமல் கிடந்த நாட்டுக்கு, 2018 ஜகார்த்தாவில் வெள்ளி வாங்கித் தந்தவர். ஏறியது செய்ன்யூர் மெடிகாட் என்ற குதிரை; செல்லப் பெயர் மிக்கி. அடுத்த ஆண்டே அதற்குக் காலில் காயம். ஓய்வு, சிகிச்சை, மெல்ல மெல்ல மீட்பு. 2021 வசந்தத்தில் ஐரோப்பியக் களங்களில் மீண்டும் ஓடி, டோக்கியோ ஒலிம்பிக்குக்கு விமானம் ஏறியது.

டோக்கியோவில் 2021 ஆகஸ்ட் 1. வெயில் ஏறுமுன் காலையிலேயே கிராஸ் கன்ட்ரி. கொடுத்த நேரம் 7 நிமிடம் 45 விநாடி. மிக்கி ஒரு தடையில்கூட மறுக்கவில்லை. 28 விநாடி மட்டும் தாமதம், 11.20 புள்ளி. டிரெஸ்ஸாஜின் 28.00ஐச் சேர்த்து 39.20. அன்று அந்த ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நாற்காலியின் நுனிதான் இடம்!

பொறுங்கள், குதிரையின் கண்ணைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும், ஆனால் நெற்றிக்கு நேர் முன்னே ஒரு குருட்டுப் பகுதி. தாண்ட எழும்பும் நொடியில் தடை அதன் பார்வையை விட்டே மறைந்துவிடுகிறது. முன்னே கண்டதை நம்பி எகிறுகிறது! சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாது. இங்கிலாந்துப் பந்தயத் திடல்களில் தடைகளின் ஆரஞ்சு நிற அடையாளங்களை வெள்ளையாக மாற்றியது இதனால்தான். வாயிலும் ஓர் ஆச்சரியம் உண்டு: கொள்ளென்றால் வாய் திறக்கும், கடிவாளமென்றால் வாய் மூடும் என்கிறோமே, அந்தக் கடிவாள இரும்பு உட்காருவது பல்லே இல்லாத இடைவெளியில். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே அளவெடுத்து விட்டதுபோல ஓர் இடம்.

இன்னொன்று. இந்த விளையாட்டில் ஆண், பெண் என்று தனித்தனிப் போட்டி கிடையாது. ஒலிம்பிக்கில் இது 1912 ஸ்டாக்ஹோமில் ராணுவ அதிகாரிகளுக்கு மட்டுமாகத் தொடங்கியது. 1964 டோக்கியோவில்தான் முதல் பெண் களமிறங்கினார், அமெரிக்காவின் லானா டூ பான்ட். அதே டோக்கியோவில் 2021இல் ஜெர்மனியின் யூலியா கிராயெவ்ஸ்கி தனிநபர் தங்கத்தையே வென்றார், பெண்களில் முதலாவதாக!

கடைசி நாள் காலையில் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஷோ ஜம்பிங்குக்கு முன்பு சேணத்தைக் கழற்றிவிட்டு, வீரர் நல்ல உடையில் குதிரையின் பக்கத்தில் ஓட, அது கெட்டியான தரையில் நடுவர்கள், கால்நடை மருத்துவர் முன்னே ஓடிக் காட்ட வேண்டும். குளம்புச் சத்தம் ஒன்று பிசகினாலும் அவ்வளவுதான்; முதலிடத்தில் இருந்தாலும் லாயத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். முந்தைய நாள் சூட்டில் உப்பை இழந்து ஓடி முடித்த மிக்கி, காயம் ஆறிய அதே காலோடு ஆகஸ்ட் 2ஆம் தேதி அந்தச் சோதனையில் தேறியது. சாயங்காலம் இரண்டு கம்பங்களைத் தட்டி, 47.20 புள்ளிகளோடு இறுதிச் சுற்றின் 25 ஜோடிகளில் ஒன்றாக நுழைந்து, 23ஆம் இடத்தில் முடித்தது.